பிஎச்டி சேரும் முன் கேளுங்கள்: மெஷின் எங்கே இருக்கிறது?

பெங்களூருவில் புவி அறிவியலில் பிஎச்டி சேர நினைக்கும் நம்ம பிள்ளைகள் முதலில் விசாரிப்பது நிறுவனத்தின் பெயர், அடுத்து கைடு பெயர். சாம்பிள் எந்த மெஷினில் ஓடும், அது யார் கையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஆராய்ச்சி இழுத்துக்கொண்டு போவதற்கு அதுதான் பெரிய காரணம் என்பேன்.

பிஎச்டி உதவித்தொகைக்கு வழியான சிஎஸ்ஐஆர் நெட் (புவி அறிவியல்) தேர்வுக்கு இவ்வளவு நினைவிருந்தால் போதும்: சி பகுதியில் 80 கேள்விகளில் 25 எழுதலாம், தலா 4 மார்க். தப்பானால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிலவியல் படித்தவர் கடலியல் கேள்வியில் கைவைக்காமலே தேறலாம். ஜெஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வாடகைப் படி தனி. இந்த ஊர் அட்வான்ஸைக் கேட்டபிறகு ஹாஸ்டல்தான் தெய்வம்.

லேப் சங்கதிக்கு வருவோம். லால்பாக்கில் ஏறி நின்று போட்டோ எடுக்கிறோமே, அந்தப் பாறை சுமார் 300 கோடி வருஷப் பழசு. இந்த மாதிரிப் பாறையின் வயதைப் பெரும்பாலும் சிர்கான் என்ற கனிமத்தின் துகளில்தான் பார்ப்பார்கள். சில கிலோ கல்லை உடைத்து, பொடித்து, சலித்து, கழுவி, புரோமோஃபார்ம் என்ற கனத்த திரவத்தில் போட வேண்டும். அதன் அடர்த்தி 2.89. குவார்ட்ஸ் 2.65 என்பதால் மிதக்கும், 4.6 உள்ள சிர்கான் அடியில் தங்கும். திரவம் நச்சு, புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்கவே கூடாது. பிறகு மைக்ரோஸ்கோப்பில் பொறுக்கி, எபாக்சி பிசினில் பதித்து, துகள் பாதி தேயும்வரை பாலிஷ். கொஞ்சம் அசந்தால் துகளே காணாமல் போகும்.

250 கோடி வருஷக் கல்லில் 55 கோடி வருஷத் துகள் ஒன்று தலைகாட்டினால் உடனே பேப்பர் எழுத உட்காராதீர்கள். கிரஷரில் முந்தின ஆள் அந்த வயதுத் துகள் கிடைக்கும் மதுரைப் பக்கத்துக் கல்லை உடைத்தாரா என்று பாருங்கள். துகளின் உள் அடுக்குகளைக் காட்டும் படத்தை எடுக்காமல், வயது பார்க்கும் மெஷினில் லேசர் அடித்தாலும் வம்புதான்: 30 மைக்ரான் லேசர் புள்ளி வெவ்வேறு வயதுள்ள நடுப்பகுதியிலும் விளிம்பிலும் பாதிப்பாதி விழுந்து, எந்த நிகழ்வுக்கும் சேராத ஒரு வயதைக் காட்டும்.

ஆகவே கைடிடம் கேளுங்கள்: மெஷின் சொந்தமா, வெளியே அனுப்ப வேண்டுமா? ஸ்லாட் கிடைக்க எத்தனை மாதம்? கட்டணம் எந்த புராஜெக்ட்டில்? மழுப்பினால் சீனியர்களை கேன்டீனில் பிடியுங்கள்.

வரிசையில் நிற்கப் பொறுமை இல்லையென்றால் நிலா இருக்கிறது. சந்திரயான்-2 தரவை இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கலாம். அங்கேயும் ஒரு பொறி உண்டு. நிலாத் தரை பகலில் சூடாகித் தானே அகச்சிவப்புக் கதிர் விடும். அதைக் கழிக்காவிட்டால் 3 மைக்ரான் அலைநீளத்துப் பக்கம் நீர் ஒளியை உறிஞ்சுவதால் நிறமாலையில் விழும் பள்ளம் நிரம்பிப்போய், நடுப்பகலில் நீரே இல்லாத மாதிரி வரைபடம் வரும்.