மூணாவது விசில்

2020 மார்ச் 24, ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது என் மகனுக்குப் பதினான்கு மாதம்.

குழந்தை வளர்ப்பு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதானாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதைப் படித்திருந்தேன். அதெல்லாம் தெரிந்தேதான் தினமும் காலை பத்து மணி மீட்டிங்குக்கு அவன் கையில் போனைத் திணித்தேன். அம்மா மதுரையில் மாட்டிக்கொண்டார். வேலைக்கு வரும் அக்காவுக்கு பஸ் இல்லை. வீட்டுக்காரருக்கு மீட்டிங் என்றால் அறைக்கதவு சாத்தியிருக்கும். எனக்கென்றால் பிள்ளை மடியில் இருப்பான். (இதை அவரும் படிப்பார், படிக்கட்டும்.)

இரண்டு வயதில் மொத்தமே ஏழெட்டு வார்த்தைதான் பேசினான். கூட்டிக்கொண்டு போன இடத்தில் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நீங்க பேச்சே கொடுக்கிறதில்லையா?” என்றார். அன்று வீடு வரும்வரை அழுதேன்.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வொன்று 2022 ஜனவரியில் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்து ஆறு மாதமான குழந்தைகள் கை கால் அசைவிலும் பழகுவதிலும் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்களாம். கர்ப்பத்தில் தாய்க்குத் தொற்று வந்திருந்தாலும் வராவிட்டாலும் அதே கதைதான். அந்தக் காலமே அப்படி. அங்கன்வாடியும் மூடிக் கிடந்தது. சத்துமாவை வீட்டுக்கே கொடுத்தார்கள், சரி. வேலைக்கார அக்காவின் பேத்தி கூட விளையாட ஆளில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாளாம். இதற்கும் அவள் அம்மாவைத்தான் கேட்பீர்களா?

எனக்கு உதவியது அம்மா போனில் சொன்ன ஒரு விஷயம். “நீயா பாடம் நடத்தாதடி. அவன் எதைக் காட்டுறானோ அதுக்குப் பதில் சொல்லு.” அவன் காட்டியது குக்கரை. விசில் வந்ததும் கண்ணை விரித்து ஒரு விரலைத் தூக்கினான். “ஒண்ணு” என்றேன். அடுத்ததுக்கு இரண்டு விரல். பத்து நாளில், மூன்றாவது விசிலுக்கு “மூ!” என்று கத்திக்கொண்டு அடுப்பைக் காட்டினான். பருப்பு வேகும் நேரம், அவ்வளவுதான். அதற்கும் மீட்டிங் இல்லாத அரை மணி நேரம் வேண்டியிருந்தது.

கொரோனா பிள்ளைகளின் அம்மாக்களைப் பார்த்தால் “பேசினாயா” என்று கேட்காதீர்கள். “அப்போ கூட யார் இருந்தா?” என்று கேளுங்கள்.

இப்போது இவன் வாயை மூடுவதே இல்லை. நேற்றுகூட நான் போனில் இருக்க, உள்ளேயிருந்து சத்தம்: “அம்மா, மூணு ஆச்சு!”