ஐந்து மருந்தையும் தாதி கலப்பதில்லை

"கிளினிக்கில் ஐந்து மருந்தைத் தாதிமார் தாங்களே கலந்து ஒரே ஊசியில் ஏற்றுகினம், பச்சைப்பிள்ளை தாங்காது" என்றொரு குரல்பதிவு யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அது பிழை.

2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசி தொழிற்சாலையிலேயே சேர்த்து, சோதித்து, குப்பியில் அடைத்து வருவது. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் கிருமி (நியூமோனியா, மூளைக்காய்ச்சல் தரும் பக்டீரியா) ஆகிய ஐந்துக்கும் அது ஒன்றே போதும். இலங்கையில் 2008இல் அறிமுகமானது.

தாதி குப்பியைக் குலுக்குவது உண்மைதான். அடியில் படிந்த மருந்து சீராகக் கலக்க வேண்டுமே! 9 மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி) தூளாக வரும். அதற்கென்றே வரும் திரவத்தில் கரைத்து, 6 மணித்தியாலத்துக்குள் முடிக்காததை வீசிவிடுவார்கள். இதைப் பார்த்த யாரோ கட்டிய கதைபோலும்.

குப்பி லேபிளில் வட்டத்துக்குள் ஒரு சிறு சதுரம் இருக்கும். சூடு பட்டால் அது கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைத் தாதி தொடமாட்டார்.

அன்றிரவு இலேசான காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். அது வழமை. ஊசி போட்டபின் 20 நிமிடம் இருக்கச் சொல்வது ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்கத்தான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிடாதீர்கள்.