எம்.பி. பலகை

(தூத்துக்குடி. ஞாயிற்றுக்கிழமை காலை. பின்கட்டில் கொழுந்தன் ரம்பத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மதினி மரக்கடைக்காரர் மகள். அது கொழுந்தனுக்கு மறந்துபோனதுதான் இங்கே பிரச்சினையே.)

மதினி: என்ன கொழுந்தனாரே, வெந்நீர் அடுப்புக்கு விறகா?

கொழுந்தன்: விறகா! அண்ணனுடைய அறுபதாம் கல்யாணத்துக்கு போட்டோ ஸ்டாண்டு செய்கிறேன் மதினி. கடையில் ஒரு ஃப்ரேமுக்கு எழுநூறு ரூபாய் கேட்கிறான், சரி மரம்தானே என்று திருப்பிப் பார்த்தால் பிளாஸ்டிக், மேலே மரம் மாதிரி கோடு போட்டு வைத்திருக்கிறான். நான் மொத்தப் படத்தையும் நூறு ரூபாயில் முடித்துக் காட்டுகிறேன்.

மதினி: ரம்பம் என்ன விலை?

கொழுந்தன்: அது முதலீடு, கணக்கில் வராது. மரத்தைப் பாருங்க, பழைய இரும்புக் கடையில் சும்மா கொடுத்தான். ஹார்பரில் சரக்கு இறக்கின பலகை. அதிலும் இது எம்.பி. பலகையாம்.

மதினி: எந்தக் கட்சி?

கொழுந்தன்: அதைக் கேட்கவில்லை. ஆனால் சீல் குத்தியிருக்கிறது.

மதினி: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) இது டெல்லிக்குப் போகிற எம்.பி. இல்லை. மெத்தில் புரோமைடு. பூச்சி சாவதற்காக விஷப்புகை போட்ட பலகை. கோதுமைக்கதிர் மாதிரி ஒரு படம் இருக்கிறது பாருங்க, நாடு விட்டு நாடு போகிற சரக்குப் பலகைக்கெல்லாம் அந்த முத்திரை உண்டு. பக்கத்தில் எச்.டி. என்று இருந்தால் சூடு காட்டின மரம், நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி ஏறி, அப்படியே அரை மணி நேரம் இருந்திருக்கும். அதைத் தாராளமாக வீட்டுக்குள் வைக்கலாம். எம்.பி.யை வாசலோடு அனுப்பிடுங்க.

கொழுந்தன்: எம்.பி. வீட்டுக்கு வருவதே அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. அவரையும் திருப்பி அனுப்பச் சொல்றீங்க.

மதினி: அது சரி, அங்கே என்னமோ கோணலாகக் கிடக்கிறதே?

கொழுந்தன்: அது எச்.டி. மரம்தான், கவலைப்படாதீங்க. முதல் ஃப்ரேம். நாலு மூலையும் 45 டிகிரி வெட்டு.

மதினி: இந்த மூலையில் என் சுண்டுவிரல் போகிறது.

கொழுந்தன்: பட்டி பார்த்தால் மறைந்துவிடும்.

மதினி: பட்டி பார்ப்பதற்கும் ஒரு எல்லை வேண்டாமா? எதிரெதிர்ச் சட்டம் ரெண்டும் முதலில் மயிரிழை பிசகாமல் ஒரே நீளம் இருக்கணும், அப்புறம்தான் 45 எல்லாம். மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடிங்க, ரெண்டு குறுக்கும் ஒரே அளவு வரணும்.

கொழுந்தன்: இந்தப் பக்கம் பதினொன்றரை இஞ்ச். அந்தப் பக்கம்... கிட்டத்தட்ட அதேதான்.

மதினி: கிட்டத்தட்ட என்றால்?

கொழுந்தன்: பன்னிரண்டேகால்.

மதினி: சுவரில் மாட்டினால் உங்க அண்ணன் கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்த மாதிரி நிற்பார். அதில் இரும்பு ஆணி வேறு அடிச்சிருக்கீங்க. இந்த உப்புக் காற்றுக்கு அது சீக்கிரமே துரு கக்கி, மரத்தில் கண்மை வழிந்த மாதிரி கோடு இறங்கும். கண்ணாடியும் போடப் போறீங்களா?

கொழுந்தன்: ஒட்ட வைத்து அழுத்தமாகப் போடலாம் என்று...

மதினி: ஈரக் காற்றில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியில் இருக்கும், காகிதம் கையில் இருக்கும். ஃப்ரேமே வேண்டாம். ரெண்டு விரல் கனத்தில் ஒரு துண்டு எடுங்க, மேலே நீளவாக்கில் லேசாகப் பின்பக்கம் சாய்த்து ரம்பத்தால் ஒரே ஒரு கோடு இழுங்க, போட்டோவை அதில் செருகுங்க, நிற்கும். ஆணி இல்லை, கண்ணாடி இல்லை, 45 இல்லை. உப்புத்தாள் 80, 120, 220 நம்பர் என்று சொரசொரப்பிலிருந்து நைஸுக்கு வரிசையாகப் போங்க, மர ரேகையோடுதான் தேய்க்கணும். குறுக்கே தேய்த்த கீறல் இப்போது தெரியாது, வார்னிஷ் அடித்ததும் பல்லை இளிக்கும்.

கொழுந்தன்: அட, அதைத்தான் நானும் செய்திருக்கிறேன்! இதைப் பாருங்க. பலகையிலேயே பள்ளம் இருந்தது, ரெண்டு பக்கமும் ரம்பத்தால் கொஞ்சம் நீட்டினேன், அம்மா படம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. உப்புத்தாளே வேண்டியிருக்கவில்லை, அப்படி ஒரு வழவழப்பு. நல்ல தேக்கு.

மதினி: இதுவும் இரும்புக் கடையா?

கொழுந்தன்: இல்லை, அடுப்படி மூலையில் சாத்தியிருந்தது. வேண்டாத கட்டை போல.

மதினி: மோந்து பாருங்க.

கொழுந்தன்: (மோந்து) மீன் வாடை. ஹார்பர் மரம்தானோ?

மதினி: உங்க அம்மாவுடைய அருவாமணை. அலகு ஆடுகிறது என்று கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்திருக்கிறது.

கொழுந்தன்: அப்போ அந்தப் பள்ளம்...

மதினி: அலகு நிற்கிற இடம். இப்போ அத்தை நிற்கிறாங்க.

கொழுந்தன்: மதினி, நீட்டின இடத்தில் பட்டி வைத்து அடைத்துவிடலாமா?

மதினி: அடைக்கலாம். காய ஒரு ராத்திரி ஆகும். (வாசல் பக்கம் எட்டிப் பார்த்து) பட்டறைப் பையன் அலகோடு வந்து நிற்கிறான். அத்தை ஆட்டோவிலிருந்து இறங்குறாங்க, கையில் முழுச் சீலா மீன்.

கொழுந்தன்: பின்வாசல் சாவி எங்கே மதினி?