சட்டைப்பைக்குப் போக வேண்டிய கத்தி

மடக்குக்கத்தி சேகரிக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் வலுத்துக்கொண்டே போகிறது. கத்தி கைக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்கிறார்கள், நாலு படம் எடுக்கிறார்கள், எண்ணெய்த் துணியில் சுற்றி மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். சிலர் ஒரு தடவைகூடத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து மூடினால் அலகில் மெல்லிய கோடு விழும், கோடு விழுந்தால் விலை இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காததோடு, தவறு என்றும் நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நானும் சேகரிக்கிறவன்தான். பழைய மாதிரிகள் மேல் தீராத ஆசை உள்ளவன். ஆனால் என்னிடம் இருக்கும் ஒவ்வொரு கத்தியும் முறை வைத்து என் பைக்குள் வந்து போகும். பார்சல் பிரிக்க, பென்சில் சீவ, கயிறு அறுக்க, பழம் நறுக்க, சட்டையில் துருத்திக்கொண்டிருக்கும் நூலை வெட்ட என்று தினமும் ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். பையில் கத்தி இல்லாத நாளில் இதே வேலைகளைச் சாவியாலும் பல்லாலும் செய்து சமாளிக்கிறோம்.

பாரம்பரிய மடக்குக்கத்தி என்று நான் சொல்வது பூட்டு இல்லாத, முதுகில் வில் வைத்த, நகத்தால் இழுத்துத் திறக்கிற வகையை. ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். அலகின் அடிப்பகுதி ஓர் ஆணியில் சுழல்கிறது. பிடியின் முதுகோடு ஓடும் எஃகு வில் அந்த அடிப்பகுதியை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கிறது. தட்டையான பக்கம் வில்லின் மேல் வந்து உட்கார்ந்தால் அலகு நிற்கும். மூலை உருண்டு வரும்போது வில் எழும்பி வழிவிடும். அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் அதற்குள் எவ்வளவு வேலை! அலகில் வெட்டிய பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுங்கள். சில கத்திகளில் அலகு செங்குத்தாக நிற்கும்போது ஒரு ‘டக்’, முழுதும் திறந்ததும் இன்னொரு ‘டக்’. மூடியிருக்கும்போது, பாதியில் நிற்கும்போது, திறந்திருக்கும்போது என்று மூன்று நிலையிலும் வில்லின் முதுகும் பிடியின் முதுகும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது தேர்ந்த கை செய்த கத்தி. விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. அதற்காக அடிப்பகுதியை மயிரிழை அளவு அரத்தால் ராவி, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி ராவுவார்கள். கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து நகரமான ஷெஃபீல்டில் ஒரு கத்தியை முதல் வேலையிலிருந்து கடைசி மெருகு வரை தனி ஆளாகச் செய்து முடித்த கைவினைஞர்களில் பேர்பெற்றவர் ஸ்டான் ஷா. 2021இல் மறைந்தார். அப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்த பொருளைத் திறக்காமலே வைத்திருப்பது, சமைத்தவர் எதிரிலேயே இலையைப் படம் பிடித்துவிட்டுக் கை கழுவுவதற்குச் சமம்.

பெட்டியில் வைத்தால் பத்திரம் என்பதும் பாதிதான் உண்மை. பழைய கத்திகளில் பளபளவென்று ஆமையோடு மாதிரியும் முத்துச்சிப்பி மாதிரியும் தெரிகிற பிடிகள் பலவும் செல்லுலாய்ட். நைட்ரிக் அமிலமும் பஞ்சும் கற்பூரமும் சேர்ந்து பிறந்த பொருள் அது. வயதாக ஆகச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். ஈரம் சேர்ந்தால் அது அமிலமாகிவிடும். மூடிய பெட்டிக்குள் இப்படி ஒரு கத்தி இருந்தால் போதும், தன் அலகை அரிப்பதோடு நிற்காமல் பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் துருப்பிடிக்க வைத்துவிடும். தோல் உறைக்குள்ளேயே நிரந்தரமாக வைப்பதும் இப்படித்தான். பதனிட்ட தோலில் தங்கியிருக்கும் அமிலமும் உப்பும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ள, பித்தளை உட்தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறும். வருடக்கணக்கில் யாரும் தொடாத கத்தியில் இதையெல்லாம் யார் கவனிப்பது? தினமும் பையில் இருக்கும் கத்தியில் ஒரு சின்னப் புள்ளி விழுந்தாலும் அன்று மாலையே கண்ணில் பட்டுவிடும்.

அடுத்தது எஃகு. பழைய மாதிரிக் கத்திகளில் எனக்குக் கார்பன் எஃகு அலகுதான் பிடிக்கும். 1095 என்று குறிக்கப்படும் எஃகில் கார்பன் ஏறக்குறைய 0.95 சதவீதம். குரோமியம் இல்லை என்றே சொல்லலாம். துருப்பிடிக்காத எஃகு என்ற பேர் வாங்கக் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். அதனால் கார்பன் அலகு தொட்டதற்கெல்லாம் நிறம் மாறும். புது அலகால் ஒரு ஆப்பிளை நறுக்கிப் பாருங்கள். சாறு பட்ட இடம் முதலில் மங்கும், பிறகு விளிம்போரமாக நீலமும் ஊதாவும் ஓடும், துடைத்துவிட்டுப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி ஒரு கறை தங்கியிருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பதறிப்போய்த் தேய்க்க ஆரம்பிப்பார்கள். தேய்க்க வேண்டாம். அந்தக் கருமைப் படலம் நல்லது. சிவப்புத் துரு போல அலகை அரித்து உள்ளே இறங்காது. அது படர்ந்த பிறகு சிவப்புத் துரு ஏறுவதும் மட்டுப்படும். அதற்காகத் துருவே பிடிக்காது என்று எண்ணி ஈரத்தோடு மடக்கி வைக்கக் கூடாது. துடைத்து, உலரவிட்டு, ஆணி இருக்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒரே மாதிரிக் கத்தி இரண்டு பேரிடம் இருந்தால் இரண்டு அலகும் ஒரே நிறத்தில் இருக்காது. அவரவர் வெட்டியதுதான் அலகில் தெரியும். பெட்டியில் கிடக்கும் கத்திக்கு இது நடக்கவே நடக்காது.

பழைய கத்தியை வாங்கியதும் மெருகுச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை. தயவுசெய்து நிறுத்துங்கள். கறையோடு சேர்ந்து அலகின் அடியில் குத்திய முத்திரையும் தேய்ந்து போய்விடும். கத்தியின் பிறப்புச் சான்றிதழே அதுதான். அமெரிக்காவின் கேஸ் நிறுவனக் கத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளி, அடுத்த வருடம் ஒன்பது, அதற்கடுத்த வருடம் எட்டு என்று குறைத்துக்கொண்டே வந்தார்கள். புள்ளியை எண்ணினால் கத்தி பிறந்த வருடம் தெரியும். மாதிரி எண்ணிலும் செய்தி உண்டு. 6318 என்றால் முதல் 6 எலும்புப் பிடி, 3 என்பது மூன்று அலகு, 18 அந்த வடிவத்தின் எண். இவ்வளவையும் படித்துக்கொள்ளலாம், முத்திரை பிழைத்திருந்தால்.

இந்தக் கத்திகளைச் செய்தவர்கள் யாருக்காகச் செய்தார்கள் என்று பாருங்கள். 1890இல் பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓப்பினெல் மரப்பிடியில் ஒரு மடக்குக்கத்தி செய்தார். முதுகில் வில்கூடக் கிடையாது. மரத்தின் இறுக்கம்தான் அலகைப் பிடித்தது. 1897இல் 1 முதல் 12 வரை அளவுகளில் வரிசை போட்டார்கள், பின்னாளில் 1ஐயும் 11ஐயும் விட்டுவிட்டார்கள். சுழற்றிப் பூட்டும் வளையம் 1955இல்தான் வந்து சேர்ந்தது. உழுகிறவருக்கும் ஆடு மேய்க்கிறவருக்கும் செய்த கத்தி இது. சுவிட்சர்லாந்தில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸனர் 1891இல் ராணுவச் சிப்பாய்களுக்குக் கத்தி கொடுத்தார். கனம் குறைந்த ஒன்று வேண்டுமே என்று யோசித்து, பிடியின் இரண்டு பக்கத்து அலகுகளையும் ஒரே வில் தாங்குமாறு அமைத்து, இரண்டே வில்லில் ஆறு கருவிகளைப் பொருத்தி 1897இல் பதிவு செய்தார். இன்று சிவப்புப் பிடியோடு உலகமே அடையாளம் காணும் கத்திக்கு அதுதான் தாய். சேகரிப்பவரின் அலமாரியை மனதில் வைத்து இவர்கள் யாரும் வேலை செய்யவில்லை.

ஜப்பானின் ஹிகோனோகாமி இன்னும் எளிமை. ஒரே உலோகத் தகட்டை மடித்த பிடி, ஓர் ஆணி, அலகின் பின்னால் நீண்டிருக்கும் ஒரு சின்ன நெம்புகோல். திறந்ததும் கட்டைவிரல் அந்த நெம்புகோலில் அழுந்தியிருக்கும், அதுவே பாதுகாப்பு. மிக்கி நகரத்துக் கொல்லர்கள் செய்தது. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவுவதே இதில்தான். 1960இல் சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமா மேடையில் கொல்லப்பட்டார். கொன்றவன் கையில் இருந்தது ஒரு குறுவாள். ஆனால் அதன் பிறகு கிளம்பிய இயக்கம் பிள்ளைகள் கையிலிருந்த பென்சில் கத்தியைப் பறித்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. குறுவாளுக்கும் பென்சில் கத்திக்கும் வேறுபாடு பார்க்காத அந்த அவசரம் எனக்கு இன்றைக்கும் ஆறாத குறை.

கத்தியைப் பையில் வைத்திருக்கிறேன் என்றாலே முகம் மாறுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பூட்டில்லாத கத்தியை வைத்து யாரையும் குத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. கூரான எதுவும் ஆபத்துதான். ஆனால் முனை எதிலாவது முட்டினால் இந்தக் கத்தி பிடித்திருப்பவன் விரல் மேலேயே மடங்கும். சண்டைக்கு நினைக்கிறவன் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டான். பூட்டு இல்லாததை நான் குறையாகவே பார்ப்பதில்லை. கூர் இருக்கும் பக்கம் மட்டும் அழுத்தம் போக வேண்டும், முதுகில் போகக் கூடாது, முனையால் நெம்பக் கூடாது என்பதை வேறு எந்தக் கத்தியும் இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொடுப்பதில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை இல்லை. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திக்குத் தகுந்த காரணம் வேண்டும். பழைய மாதிரிக் கத்திகளுக்கு இந்த இரண்டு சட்டங்களிலும் இடம் இருக்கிறது. அதற்காகப் பள்ளி, நீதிமன்றம், விமான நிலையம் என்று எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும். விமானத்தில் பெட்டிச் சாமான்களோடு போக வேண்டிய கத்தியைக் கைப்பையில் வைத்துப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரவில் அது எங்கே இருக்கிறது என்பது உங்கள் பொறுப்பு.

எடுத்துச் செல்ல ஆரம்பித்தால் தீட்ட வேண்டி வரும். பெட்டிக்காரர்கள் பயப்படும் இன்னொரு விஷயம் இது. தீட்டினால் அலகு தேயும், உண்மைதான். ஒழுங்காகத் தீட்டினால் ஒரு மனிதனின் ஆயுளில் தேயும் அளவு மிகக் குறைவு. அலகைக் கெடுப்பது கையால் தீட்டுவது அல்ல, இயந்திரச் சக்கரம்தான். இந்த எஃகைக் கடினமாக்கிய பிறகு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதப்படுத்துவார்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் அதைத் தாண்டிச் சூடாகும். விளிம்பில் நீலம் தெரிந்தால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது, அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. கையில் ஒரு சின்னத் தீட்டுக்கல் போதும். கல்லை நனைத்து, அலகைப் பக்கத்துக்குப் பதினைந்திலிருந்து இருபது டிகிரி சாய்த்து, ஒரே அழுத்தத்தில் இழுங்கள். மறுபக்கம் விளிம்பு நெடுகப் பிசிர் எழும்பி நகத்தில் தட்டுப்பட்டால் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் தோல்வாரில் மெதுவாக இழுத்துப் பிசிரை எடுத்துவிட்டால் காகிதம் சத்தமில்லாமல் அறும். சாய்வு மாறாமல் கை பழகுவதற்கு நாளாகும், ஆனால் பழகிவிட்டால் மறக்காது.

விதிவிலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்காக ஷெஃபீல்டின் ஜோசஃப் ரோஜர்ஸ் நிறுவனம் 75 அலகுகளோடு செய்த நார்ஃபோக் கத்தியை யாரும் பையில் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லவில்லை. யானைத் தந்தப் பிடி, அபூர்வமான முத்திரை, ஒரு பட்டறையின் கடைசி மிச்சம் என்று பாதுகாக்கப்பட வேண்டியவை இருக்கின்றன. அவற்றைப் பாதுகாக்கிறவர்களுக்கு நன்றி. நான் பேசுவது போன வருடம் பட்டறையிலிருந்து வந்து இன்னும் திறக்கப்படாமல் கிடக்கும் கத்தியைப் பற்றி.

விலைதான் உங்கள் கவலை என்றால் அதையும் நேராகவே பேசலாம். குறைந்த எண்ணிக்கையில் வரும் கத்திகளை வந்த அன்றே வாங்கி, திறக்காமல் வைத்து, மறு வாரம் கூடுதல் விலைக்கு விற்பது ஒரு வியாபாரமாகிவிட்டது. நடுவில் மாட்டிக்கொள்கிறவர், உண்மையிலேயே தினமும் பயன்படுத்த ஒரு கத்தி தேடுகிறவர். முதல் கத்தி வாங்க வந்த ஒரு இளைஞர் இந்த விலையைப் பார்த்துத் திரும்பிப் போனால், இந்தப் பழைய வேலைப்பாட்டுக்கு அடுத்த தலைமுறையில் ஆள் எங்கிருந்து வருவார்?

ஆகவே சேகரிப்பு வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருப்பதில் மூடிய நீளம் நான்கு அங்குலத்துக்குள் இருக்கும் ஒன்றை எடுங்கள். அதற்கு மேல் போனால் பை இழுக்கும். ஒரு மாதம் பையில் வைத்து, கிடைத்த வேலைக்கெல்லாம் பயன்படுத்துங்கள். பிடியின் மூலைகள் உள்ளங்கையில் உறுத்துகிறதா, வில் நகத்தை ஒடிக்கிறதா, அலகு கூர் நிற்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பிடிக்கவில்லையென்றால் மறுபடி பெட்டிக்குள் போட வேண்டாம். பயன்படுத்தப் போகிறவர் யாராவது நிச்சயம் உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருப்பார். வாங்கிய விலைக்கோ சும்மாவோ அவரிடம் கொடுத்துவிடுங்கள்.