ஆமாம், நாங்கள் எண்ணுகிறவர்கள்தான்

எங்கள் கல்லூரி ஆண்டு விழா முடிந்து நான்கு நாளாகிறது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலையும் அந்த விழாக் காணொளியை ஒருவர் எனக்கு அனுப்பி வைத்தார், "உங்கள் துறையைப் பற்றித்தான்" என்ற குறிப்போடு. இனிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். சிறப்பு விருந்தினராக வந்த மருத்துவர் எங்கள் பொதுச் சுகாதார வகுப்பு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி, "நாங்கள் உயிரைக் காப்பாற்றுகிறோம், நீங்கள் செத்தவர்களை எண்ணுகிறீர்கள்" என்றார். அரங்கமே சிரித்தது. அவர் எனக்கு யாரோ, சொல்லிவிட்டுப் போகட்டும். பக்கத்து நாற்காலியில் இருந்த என் தோழியும் சிரித்தாள். ஓராண்டு முழுக்க என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவள்.

எண்ணுகிறவர்கள்தான் நாங்கள். அதில் எனக்கு வெட்கம் இல்லை. எண்ணுவது எளிய வேலை, யாரும் செய்யக்கூடிய வேலை என்று நினைக்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

முதல் பருவத்தில் எங்கள் நோய்ப்பரவலியல் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார்: 'காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்த 100 பேரில் 2 பேர் இறந்தனர்.' இதிலிருந்து அந்தக் காய்ச்சலைப் பற்றி என்ன தெரிகிறது என்று கேட்டார். ஆளாளுக்கு ஏதோ சொன்னோம். "பகுதி எங்கே?" என்றார். தொகுதி, பகுதி என்று பள்ளியில் பின்னக் கணக்கில் படித்தோமே, அந்தப் பகுதி: பின்னத்தில் கீழே வரும் எண், மொத்தம் எத்தனை பேரில் என்பது. வந்தவர்கள் 100 பேர். வராதவர்கள் எத்தனை பேர்? வர வழியில்லாமல் வீட்டிலேயே பிழைத்தவர்கள், வீட்டிலேயே இறந்தவர்கள் எங்கே? முதல் உள்தேர்வில் நான் தோற்றதும் இந்த இடத்தில்தான். எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டு, எத்தனை பேரில் என்று எழுதாமல் விட்டிருந்தேன். விடைத்தாள் முழுக்கச் சிவப்பு மையில் அதே கேள்வி: பகுதி எங்கே?

மருத்துவர் தன்னிடம் வந்தவரைப் பார்க்கிறார். வராதவரைத் தேடிப் போய்த்தான் எண்ண வேண்டும். ஓராண்டில் நான் படித்ததில் பாதி இதுதான்.

எண்ணியதால் யார் பிழைத்தார்கள் என்று கேட்பீர்கள். வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். 1846இல் மாணவர்கள் பிரிவில் இறந்த தாய்மார் 11 விழுக்காட்டுக்கும் மேல், மருத்துவச்சிகள் பிரிவில் 3 விழுக்காட்டுக்கும் கீழ். செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணினார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருவதுதான் காரணம் என்று 1847இல் கண்டுபிடித்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். மறு ஆண்டு அந்தப் பிரிவில் இறப்பு ஏறத்தாழ 1.3 விழுக்காடு. அவரையும் அன்றைய பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில் இறந்துபோனார். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"விருந்தினர் வேடிக்கைக்குச் சொன்னார், நீ ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேடிக்கை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வேடிக்கையை ஓராண்டாக எத்தனை வாய்களில் கேட்டிருக்கிறேன் தெரியுமா? "பொதுச் சுகாதாரமா? அப்படியென்றால் கொசு மருந்து அடிப்பதா?" என்பார்கள். கொசு மருந்து அடிப்பவரையும் சேர்த்தே அதில் தாழ்த்துகிறார்கள். "மருத்துவம் கிடைக்கவில்லையா?" என்று அடுத்து வரும். ஆமாம், கிடைக்கவில்லை. இரண்டு முறை எழுதினேன், கிடைக்கவில்லை. இந்த வகுப்பில் சேர்ந்த முதல் மாதம் முழுக்க அழுதவள்தான் நான். அதனால் நான் படிப்பது மட்டமாகிவிடுமா?

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் மருத்துவம் படிக்க விரும்பியவர்தான். காசநோய் குறுக்கே வந்தது. தபால் வழியில் பொருளியல் படித்து, புள்ளியியலாளர் ஆனார். அவரும் ரிச்சர்டு டால் என்ற மருத்துவரும் 1951இல் பிரிட்டன் மருத்துவர்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள்: புகைப்பீர்களா, எவ்வளவு? சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். பிறகு அவர்களில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். அந்தக் கணக்கு ஐம்பது ஆண்டுகள் நடந்தது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள் என்று தெரிந்தது. விருந்தினர் ஐயாவிடம் இதை மட்டும் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது: அந்த ஆய்வில் எண்ணப்பட்டவர்கள் உங்கள் துறைக்காரர்கள். அந்தக் கணக்கைப் பார்த்துச் சிகரெட்டை விட்டவர்களில் மருத்துவர்களும் உண்டு.

மருத்துவர் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நானும் மருத்துவரிடம்தான் போவேன். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்த திலீப் மகலநோபிஸ் ஒரு மருத்துவர். 30 விழுக்காடு வரை போயிருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால், அந்த நெருக்கடியிலும் அவர் எண்ணி வைத்ததால்தான்.

இரண்டாம் பருவத்தில் களப்பணி. கணக்கெடுப்புக்கு எனக்கும் தோழிக்கும் சேர்த்து அறுபது வீடுகள். படிவத்தில் ஒரு கட்டம்: 'கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த வீட்டில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை.' முப்பது வீடுகளுக்கு மேல் சுழி போட்டு வந்த பழக்கத்தில், ஒரு வாசலில் கேள்வியை முடிப்பதற்குள் பேனா சுழி போடத் தயாராக இருந்தது. அந்த அக்கா "ஒன்று" என்றார். மூன்று நாள் காய்ச்சல், மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே போய்விட்டான். எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அவன் இல்லை. நான் 1 என்று எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் பெயரை எழுதவில்லையே, அம்மா?" என்றார். பெயருக்குக் கட்டம் இல்லை. படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். தலையசைத்தார்.

மாலையில் படிவங்களைச் சரிபார்த்த மேற்பார்வையாளர் அதை அழிக்கச் சொன்னார். இறந்தவர் யார் என்று படிவத்திலிருந்து தெரியக்கூடாது என்பது விதி. விதி சரியானது, அந்தக் குடும்பத்தைக் காப்பதற்காக வைத்தது. நானே ரப்பரால் அழித்தேன். பென்சில் தடம் முழுதாகப் போகவில்லை.

அன்று அந்த வாசலில் எனக்காகப் பரீட்சை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் தோழிதான். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்குப் பிறகு மீதி வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, பதில் வரும்வரை பேனாவை மூடியே வைத்திருந்தாள். அவள் இதைப் படிப்பாள் என்று தெரியும். விருந்தினர் சொன்ன 'செத்தவர்களை எண்ணுவது' அதுதான், அந்த 1. அதற்கா சிரித்தாய்?