பாதியில் நிறுத்தியது யார்?

நேற்று புற்றுநோய் சிகிச்சை பற்றிய ஒரு பதிவுக்குக் கீழே நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். "ரெண்டாவது கீமோவைப் பாதியில நிறுத்துறதும் கொலைதான்" என்று ஒரு புண்ணியவான் தீர்ப்பெழுத, அதற்கு இருநூறு லைக். ரெண்டாவது கீமோ என்றால், முதல் கீமோவுக்குப் பிறகும் புற்று திரும்பினால் கொடுப்பது. பெயர் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டைத்தான் சொன்னார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நிறுத்தியது நாங்கள் அல்ல. சித்தப்பா.

சரி, கணக்கே பேசுவோம். பிளாட்டினம் வகைக் கீமோ கொடுத்தும் ஆறு மாதத்துக்குள் தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களை வைத்து நடந்த செக்மேட் 141 ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் டோசிடாக்சல், மெத்தோட்ரெக்சேட், செடுக்சிமாப் ஆகிய வழக்கமான மருந்துகளில் ஒன்றைப் பெற்றவர்களில் பாதிப் பேர் 5.1 மாதத்துக்குள் போய்விட்டார்கள். கட்டி கணிசமாகச் சுருங்கியது நூற்றுக்கு ஆறு பேருக்கு. மருந்து ஏற்றியும் இவ்வளவுதான். எங்கள் டாக்டரும் மறைக்கவில்லை. "மாசக் கணக்குதான், வருஷக் கணக்கு இல்ல" என்று சித்தப்பா முகத்தைப் பார்த்தே சொன்னார்.

சித்தப்பாவுக்குக் கன்னத்தில் புற்று. முப்பது வருஷப் புகையிலை. ஆபரேஷன், கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் வகைக் கீமோ எல்லாம் முடிந்த நாலாவது மாதம், தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் மறுபடி வந்தது. டோசிடாக்சல் இரண்டு சுற்று போனது. வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர். சித்தி கஞ்சியை வடிகட்டி மூக்குக் குழாயில் ஏற்றுவார். மூன்றாவது சுற்றுக்கு முந்தின ராத்திரி, சித்தப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: "போதும்டா. வீட்ல இருக்கேன்."

"எங்க மாமாவுக்கு அதே கீமோவுல நல்லாச்சே?" சந்தோஷம். அந்த ஆறு பேரில் அவரும் ஒருவராக இருக்கலாம். மீதி 94 பேரின் மருமகன்கள் கமெண்ட் போட வருவதில்லை.

"இம்யூனோதெரபி இருக்கே?" உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மீது ஏவிவிடும் சிகிச்சை. இருக்கிறது, மறுக்கவில்லை. அதே ஆய்வில் நிவோலுமாப் என்ற அந்த வகை மருந்தைப் பெற்றவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 36 பேர். பழைய மருந்துகளில் 17. முழு டோஸின் விலையை விசாரித்துவிட்டு வந்து பேசுங்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் அதே மருந்தில் வெறும் 20 மில்லிகிராமைக் கீமோ மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு தாண்டியவர்களை 16-இலிருந்து 43 சதவீதமாக உயர்த்திக் காட்டினார்கள். அந்தச் செய்தி வந்தபோது சித்தப்பா படத்துக்கு மாலை போட்டு மூன்று வருஷம்.

அப்புறம் இன்னொருவர், "செலவுக்குப் பயந்து காசு பார்த்துட்டாங்க" என்றார். ஆமாம் சார், காசு பார்த்தோம். சித்தியின் தாலிக்கொடி அடகுக் கடையில் இருந்ததை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. லைக் போட்டதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். வாடை அடிக்கும் என்று எங்கள் வீட்டுப் படியேறாத அதே நாலு பேர். இன்று அவர்களுக்குப் போராளி வேண்டுமாம்!

அவர் நிறுத்தினார். நிறுத்தியபின் பதினோரு வாரம் வீட்டுத் திண்ணையில் இருந்தார். வலிக்கான மார்பின் மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விடுவோம். சாயங்காலம் பஞ்சை டீயில் நனைத்து உதட்டில் வைப்பேன். நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, சர்க்கரை பத்தாது என்று விரலால் சைகை காட்டுவார்.