சட்டம் சோதிக்காமலே விட்ட 62,000 ரசாயனங்கள்

"அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு ரசாயனமும் அரசு சோதித்து அனுமதித்ததுதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. புதிதாக வருபவற்றுக்கு அரசின் முன்பரிசீலனை உண்டு, சரி. ஆனால் 1976-இல் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது ஏற்கெனவே சந்தையில் இருந்த சுமார் 62,000 ரசாயனங்கள் சோதனையே இல்லாமல் தொடர விடப்பட்டன.

கல்நாரையே (ஆஸ்பெஸ்டாஸ்) பாருங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1989-இல் போட்ட தடையில் பெரும்பகுதியை 1991-இல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. புற்றுநோய் தரும் என்று ஊருக்கே தெரிந்த பொருளுக்கே இந்தக் கதி! பழைய ரசாயனங்களையும் முன்னுரிமைப்படி ஆராய்ந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தின் 2016 திருத்தத்தில்தான் வந்தது. கல்நாரின் ஒரு வகையான கிரைசோடைலுக்குத் தடை வந்தது 2024-இல். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள், நம்பிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.